ஏஜென்ட் கையில் கொடுத்த பிரீமியம் கம்பெனிக்குக் கொடுத்ததாகுமா?

கோரையாற்றுக்கரை (மன்னார்குடி)

எங்கள் சித்தப்பா போன செப்டம்பரில் தவறிவிட்டார். 2019இல் ஒரு தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் 5 லட்சத்துக்கு எண்டோமென்ட் பாலிசி (சேமிப்பும் ஆயுள் காப்பீடும் சேர்ந்தது) போட்டிருந்தார். அரையாண்டு பிரீமியம். ஆகஸ்ட் 10 தவணைக்கு, ஆகஸ்ட் 2ஆம் தேதியே ஏஜென்ட் வீட்டுக்கு வந்து ரொக்கமாக வாங்கிக்கொண்டு போனார். தெரிந்தவர், எங்கள் வீட்டுக் கல்யாணம் காதுகுத்து எல்லாவற்றுக்கும் வருகிறவர். பாக்கெட் டைரியில் ஒரு தாளைக் கிழித்து, தொகையும் தேதியும் எழுதி, ஏஜென்சி எண் போட்ட ரப்பர் ஸ்டாம்பைக் குத்திக் கொடுத்திருக்கிறார். பணத்தை மட்டும் கட்டவில்லை.

தவணைத் தேதிக்குப் பிறகு தருகிற அவகாசம், கிரேஸ் பீரியட், செப்டம்பர் 9ஆம் தேதியோடு முடிந்தது. சித்தப்பா இறந்தது 21ஆம் தேதி. இப்போது கம்பெனி, "பாலிசி காலாவதியாகிவிட்டது, இதுவரை கட்டியதற்கு உண்டான பெய்ட்-அப் தொகையை மட்டும் தருகிறோம்" என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. சித்திக்கு இரண்டு பெண்கள், சின்னவள் நர்சிங் படிக்கிறாள்.

ஏஜென்ட் கம்பெனி ஆள்தானே? அவரிடம் கொடுத்தால் கம்பெனியிடம் கொடுத்த மாதிரிதானே? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய டிஓ (தஞ்சாவூர்)

தம்பி, வருத்தமாக இருக்கிறது. நான் வளர்ச்சி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். உள்ளதைச் சொல்கிறேன், கசப்பாகத்தான் இருக்கும்.

ஏஜென்ட் கம்பெனி ஆள்தான். ஆனால் கம்பெனி எந்த வேலைக்கு அதிகாரம் கொடுத்ததோ அந்த வேலைக்கு மட்டும்தான். வாய்க்கால் தூர் வார வந்த ஆள் மதகைத் திறந்துவிட முடியாது, அதற்கு லஸ்கர்தான் வர வேண்டும். ஏஜென்ட்டின் வேலை ஆளைப் பிடிப்பது, திட்டத்தை விளக்குவது, படிவத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, பிறகு தவணையை நினைவூட்டுவது. பாலிசி கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது கம்பெனியின் அண்டர்ரைட்டர். "உங்களுக்கு இன்றிலிருந்து கவர் ஆரம்பம்" என்று ஏஜென்ட் வாயால் சொன்னால் அது கம்பெனியைக் கட்டாது.

பணம் வாங்கும் விஷயத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. ஹர்ஷத் ஷா எதிர் எல்ஐசி, 1997. அதிலும் இதே கதைதான். பாலிசிதாரர் ஏஜென்ட்டிடம் பேரர் செக் (கொண்டுபோகிறவர் யாராக இருந்தாலும் பணம் கிடைக்கும் காசோலை) கொடுத்தார், ஏஜென்ட் அதை மாற்றிக்கொண்டு பணத்தைக் கையிலேயே வைத்திருந்தார். பாலிசிதாரர் விபத்தில் இறந்த மறுநாள்தான் ஆபீசில் கட்டினார். ஏஜென்ட்டுகள் பிரீமியம் வசூலிக்கக் கூடாது என்று எல்ஐசியின் 1972 முகவர் விதிமுறைகளில் இருக்கிறது, அதனால் அவரிடம் கொடுத்தது எல்ஐசியிடம் கொடுத்தது ஆகாது என்று தீர்ப்பானது.

விதிவிலக்கு உண்டு. பிரீமியம் வாங்க கம்பெனியே தனியாக அதிகாரம் கொடுத்த ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். எல்ஐசியில் 'பிரீமியம் பாயின்ட்' என்று போர்டு வைத்திருப்பவர்கள் அப்படித்தான். அவர்கள் கம்ப்யூட்டரில் அடித்த ரசீதைக் கையோடு கொடுப்பார்கள். டைரித் தாள் கொடுக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். எல்ஐசியில் 'க்ளெய்ம் கன்செஷன்' என்று ஒரு சலுகை உண்டு. மூன்று ஆண்டு முழுதாகக் கட்டியிருந்து, கட்டாத தவணையிலிருந்து ஆறு மாதத்துக்குள் மரணம் நேர்ந்தால் முழுத் தொகையும் கிடைக்கும். பாக்கிப் பிரீமியத்தைப் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் கம்பெனியின் பாலிசிப் பத்திரத்தில் அப்படி ஏதாவது ஷரத்து இருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். நிறையப் பேர் பத்திரத்தைப் பிரிக்காமலே பீரோவில் வைத்துவிடுகிறார்கள்.

---

வழக்கறிஞர் அக்கா (திருவாரூர்)

டிஓ சார் சொன்ன தீர்ப்பு சரி. ஆனால் அதோடு கதவு மூடிவிட்டதாக நான் நினைக்கவில்லை.

அந்தத் தீர்ப்பு நின்றது எல்ஐசியின் முகவர் விதிமுறை மேல். உங்களுடையது தனியார் நிறுவனம். வசூலிக்கக் கூடாது என்ற தடை ஏஜென்ட்டின் நியமனக் கடிதத்துக்குள் இருந்தால், உங்கள் சித்தப்பாவுக்கு அது எப்படித் தெரியும்? 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 237ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. ஏஜென்ட்டுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது என்று வெளியாள் நம்பும்படி முதலாளியின் சொல்லோ நடத்தையோ இருந்தால், அதிகாரம் இல்லாமல் ஏஜென்ட் செய்ததற்கும் முதலாளி பொறுப்பு. அதனால் முதலில் நான் கேட்பது: இதற்கு முந்தைய தவணைகளை யார் கட்டினார்கள்? அந்த ஏஜென்ட்டே ரொக்கம் வாங்கிக் கட்டி, கம்பெனி ஒவ்வொரு முறையும் வாயைத் திறக்காமல் ரசீது அனுப்பியிருந்தால், அந்த வழக்கமே உங்களுக்குச் சாட்சி.

இன்னும் இரண்டு இருக்கிறது. 1938ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவு, கம்பெனியின் சார்பில் பிரீமியம் வசூலிக்கும் ஏஜென்ட் தன் கமிஷனைப் பிடிக்காமல் முழுத் தொகையையும் 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும் என்கிறது. வங்கி, தபால் விடுமுறை மட்டும் கழிவு. ஏஜென்ட் பணம் வாங்குவதே நடக்காத காரியம் என்று சட்டம் நினைக்கவில்லை என்பதற்கு இதுவே அத்தாட்சி. அடுத்து, 2015 திருத்தத்துக்குப் பிறகு 42ஆம் பிரிவில் ஒரு வரி வந்தது: ஏஜென்ட்டின் செயல்களுக்கும் தவறுதல்களுக்கும் காப்பீட்டு நிறுவனமே பொறுப்பு, 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஹர்ஷத் ஷா தீர்ப்பு வந்தபோது இந்த வரி கிடையாது. அபராதம் காப்பீட்டுத் துறைக் கண்காணிப்பு ஆணையமான ஐஆர்டிஏஐக்கும் கம்பெனிக்கும் இடையிலான விஷயம், அதனால் உங்கள் க்ளெய்ம் தானாக வந்துவிடாது என்று கம்பெனி வக்கீல் வாதிடுவார். வாதிடட்டும். நாம் சொல்ல வேண்டியதை விடாமல் சொல்ல வேண்டும்.

1999இல் பசந்தி தேவி வழக்கையும் பாருங்கள். சம்பளத்தில் பிரீமியம் பிடித்த டெல்லி மின்வாரியம் அதை எல்ஐசிக்கு அனுப்பவில்லை. அந்த நிர்வாகத்தை எல்ஐசியின் ஏஜென்ட்டாகவே பார்த்த உச்ச நீதிமன்றம், எல்ஐசிதான் பொறுப்பு என்றது. ஹர்ஷத் ஷாவுக்கு இரண்டு ஆண்டு கழித்து, அதே நீதிமன்றம்.

டைரித் தாளை லேமினேட் செய்யாதீர்கள். அப்படியே கவரில் வையுங்கள். ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப், கால் பதிவு எதையும் அழிக்காதீர்கள்.

---

குடந்தை முகவர் (கும்பகோணம்)

16 வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அந்த ஆள் செய்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. அவரைப் போன்றவர்களால்தான் எங்களை வாசலில் பார்த்ததும் கதவைச் சாத்துகிறார்கள்.

நான் யாரிடமும் ரொக்கம் வாங்குவதில்லை. வயதானவர்கள் இருந்தால் அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, அவர்கள் போனிலேயே, அவர்கள் கணக்கிலிருந்தே கட்ட வைக்கிறேன். கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வந்து, அதை அவர்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பேன். இதற்குக் கூடுதலாக ஒரு காபி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

ஆனால் மக்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். "முதல் பிரீமியத்தை நீயே போட்டுவிடும்மா, கமிஷன் வருதுல்ல" என்று கேட்காத வீடு எனக்குக் குறைவு. கமிஷனில் பங்கு தருவது 41ஆம் பிரிவின்படி தடை. கொடுப்பவருக்கு மட்டுமல்ல, வாங்குகிறவருக்கும். அபராதம் 10 லட்சம் வரை போகலாம். மறுத்தால், அடுத்த தெருவில் தருகிற ஆளிடம் போய்விடுகிறார்கள். அப்படிச் சட்டத்தை மீறித் தொழில் பிடிக்கிறவர் உங்கள் பிரீமியத்தில் மட்டும் ஒழுங்காக இருப்பாரா?

ஏஜென்ட்டை எப்படிச் சரிபார்ப்பது என்றால், அடையாள அட்டையைக் கேளுங்கள். ஐஆர்டிஏஐயின் முகவர் தளத்தில் பெயரைத் தேடினால் எந்தக் கம்பெனிக்கு ஏஜென்ட் என்று காட்டும். ஒரு தனிநபர் ஏஜென்ட், ஆயுள் காப்பீட்டில் ஒரு கம்பெனி, பொதுக் காப்பீட்டில் ஒன்று, மருத்துவக் காப்பீட்டில் ஒன்று என்றுதான் இருக்க முடியும். "எல்லாக் கம்பெனி பாலிசியும் என்கிட்ட இருக்கு" என்று ஒருவர் சொன்னால், அவர் புரோக்கரின் ஆளா, எளிய பாலிசிகளை மட்டும் விற்கிற விற்பனை முனைய ஆளா, இல்லை சும்மா ஆளா என்று கேட்க வேண்டும்.

---

பழைய டிஓ (தஞ்சாவூர்)

குடந்தை அம்மா சொன்னதில் ஒரு நுட்பத்தைச் சேர்க்கிறேன், நிறையக் குடும்பங்கள் விழுவது இந்தக் குழியில்தான். புரபோசல் படிவத்தை ஏஜென்ட் நிரப்புவார், நாம் கடைசியில் கையெழுத்து மட்டும் போடுவோம். சர்க்கரை உண்டா என்ற கட்டத்தில் அவர் "இல்லை" என்று போட்டுவிடுவார். நாம் சொல்லியே இருப்போம். "அதெல்லாம் எழுதினா மெடிக்கல் டெஸ்ட் கேட்பாங்க சார், விடுங்க" என்பார்.

பின்னால் க்ளெய்ம் வரும்போது, "உங்கள் ஏஜென்ட்தானே எழுதினார்" என்று கம்பெனியைக் கேட்க முடியாது. படிவம் நிரப்பும் அந்த நேரத்தில் ஏஜென்ட் கம்பெனியின் ஆளாக இல்லை, படிவம் கொடுப்பவரின் ஆளாகிவிடுகிறார் என்று மைசூர் உயர் நீதிமன்றம் சொன்னதை, உச்ச நீதிமன்றம் 2019இல் ரேகாபென் வழக்கில் எடுத்துக்காட்டி ஏற்றுக்கொண்டது. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்பது சாதாரணமாக எடுபடாது. ஒரே ஆள், ஒரே திண்ணை. பேனாவைக் கையில் எடுத்ததும் கட்சி மாறிவிடுகிறார்.

ஆயுள் பாலிசியில் 45ஆம் பிரிவு காப்பாற்றும். மூன்று ஆண்டு முடிந்த பிறகு எந்தக் காரணம் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. மருத்துவக் காப்பீட்டில் அதே மாதிரிப் பாதுகாப்பு 60 மாதம் தொடர்ந்து கட்டிய பிறகுதான், அதிலும் மோசடி என்று நிரூபித்தால் கிடையாது. 2024க்கு முன்னால் அது எட்டு ஆண்டாக இருந்தது.

பாலிசி கைக்கு வந்ததும், உள்ளே இணைத்திருக்கும் படிவ நகலைப் படியுங்கள். தவறாக இருந்தால் உடனே எழுதித் திருத்துங்கள். பாலிசியே பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

---

நெல் அரவை (நீடாமங்கலம்)

புரோக்கர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எங்கள் ஆலைக்கு முன்பு ஏஜென்ட் மூலமாகத்தான் தீ பாலிசி. இப்போது திருச்சியில் ஒரு புரோக்கர் நிறுவனம் பார்க்கிறது. வித்தியாசம் எங்கே தெரிந்தது என்றால், அவர்கள் அனுப்பிய பையன் முதல் நாளே பழைய பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டு ஆலையைச் சுற்றி நடந்தான். பாலிசியில் சரக்கு இருக்கும் இடம் "குடோன்" என்று மட்டும் இருந்தது. அறுவடை நேரத்தில் பாதி மூட்டை களத்தில், அட்டிக் கட்டித் தார்ப்பாய் போட்டுக் கிடக்கும். "சார், இது நனைந்தால் ஒரு பைசா வராது" என்றான். திறந்த வெளிச் சரக்கைத் தனியாகச் சேர்க்க வைத்தான். பிறகு ஒரு மார்கழி மழையில் அட்டியின் அடி வரிசைகள் ஊறிப்போயின. சர்வேயர் வந்து டேப் வைத்து, எந்த மூட்டை வரைக்கும் ஈரம் ஏறியிருக்கிறது என்று அளந்தார். புரோக்கர் ஆள் பக்கத்திலேயே நின்று இருப்புப் பதிவேட்டை எடுத்துக் காட்டினான். பணம் வந்தது.

சட்டப்படி புரோக்கர் நம் ஆள். நாம் எழுத்தில் கொடுக்கும் மேண்டேட் கடிதத்தின் பேரில்தான் அவர் கம்பெனிகளிடம் விலை கேட்கிறார், பேசுகிறார். கமிஷன் மட்டும் கம்பெனியிடமிருந்து வருகிறது. அதனால் நான் எப்போதும் குறைந்தது இரண்டு மூன்று கம்பெனி விலையை எழுத்தில் கேட்பேன். யாரிடமிருந்து வாங்குகிறாரோ அவர் பக்கம் மனம் சாயாமல் இருக்க அதுதான் வழி.

---

வழக்கறிஞர் அக்கா (திருவாரூர்)

சரியாகச் சொன்னீர்கள் அண்ணே. 2018 புரோக்கர் விதிமுறைகளின்படி நேரடி புரோக்கருக்கு 75 லட்சம் மூலதனம் வேண்டும், தொழில்சார் பொறுப்புக் காப்பீடும் கட்டாயம். அவர் கவனக்குறைவால் நமக்கு நஷ்டம் வந்தால் ஈடு கேட்க ஒரு இடம் இருக்கிறது. தனிநபர் ஏஜென்ட்டிடம் அப்படி ஒன்று கிடையாது. ஆனால் புரோக்கருக்கும் பாலிசியை ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் இல்லை. "புரோக்கர் ஓகே சொல்லிட்டார்" என்பதும் "கம்பெனி ஓகே சொல்லிவிட்டது" என்பதும் ஒன்றல்ல. கம்பெனி ஒப்புக்கொண்டு, பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ரிஸ்க் ஆரம்பம்.

வங்கிகளும் கம்பெனியின் ஏஜென்ட்தான், கார்ப்பரேட் ஏஜென்ட். "பாலிசி எடுத்தால்தான் கடன்" என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. சொன்னால் எழுத்தில் கேளுங்கள், எழுதித் தர மாட்டார்கள்.

---

சேவை மையம் (திருத்துறைப்பூண்டி)

பயிர்க் காப்பீட்டையும் சொல்ல வேண்டும், நம் பக்கத்தில் இன்சூரன்ஸ் என்றாலே பாதிப் பேருக்கு அதுதான். சம்பாவுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். அதற்கு மேல் மையத்தில் யாரும் வாங்கக் கூடாது, எங்களுக்கு உண்டானதைக் கம்பெனி தருகிறது. வாங்குகிற மையங்கள் இருக்கின்றன, அது அநியாயம்.

நாங்கள் விவசாயியின் ஆளும் இல்லை, நஷ்டஈட்டைத் தீர்மானிக்கிறவர்களும் இல்லை. அடங்கலையும் வங்கிப் புத்தகத்தையும் பார்த்துத் தட்டச்சு செய்து ஏற்றுகிறோம். அதனால் ரசீதை வாங்கியதும் சர்வே எண்ணையும் வருவாய் கிராமத்தின் பெயரையும் அங்கேயே நின்று படித்துவிட்டுப் போங்கள். நஷ்டஈடு கிராம அளவில் மகசூல் கணக்குப் பார்த்துத்தான் வரும். பக்கத்துக் கிராமத்தின் பெயர் விழுந்துவிட்டால், உங்கள் வயல் மூழ்கியிருந்தாலும் அந்தக் கிராமத்துக் கணக்குதான் உங்களுக்கு.

கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ கடனில் பிரீமியத்தைப் பிடித்துவிட்டு, விவரத்தைத் தவறாக ஏற்றியோ ஏற்றாமலோ விட்டால், அந்த நஷ்டத்தை அந்தச் சங்கமோ வங்கியோதான் ஈடு செய்ய வேண்டும் என்று திட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. இது விவசாயிகளுக்குத் தெரிவதே இல்லை. சங்கச் செயலாளர் "கம்பெனிகிட்ட கேளுங்க" என்பார், கம்பெனி "சங்கத்துகிட்ட கேளுங்க" என்னும். 14447 எண்ணில் புகார் பதிந்து, பதிவு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

---

கோரையாற்றுக்கரை (மன்னார்குடி)

எல்லோருக்கும் நன்றி. அக்கா கேட்டபடி பழைய ரசீதுகளைத் தேடினோம். 2021இலிருந்து வந்த ரசீதுகள் எல்லாம் ஏஜென்ட்டின் மெயில் முகவரிக்குத்தான் போயிருக்கின்றன, அவர் அதை சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் தள்ளியிருக்கிறார். கம்பெனியின் கிளையிலிருந்தே ஒரு தடவை "உங்கள் ஏஜென்ட் மூலம் தவணையைச் செலுத்தவும்" என்று நினைவூட்டல் வந்திருக்கிறது. சித்தி போனில் அது அப்படியே இருக்கிறது. ஆகஸ்ட் 3ஆம் தேதி ஏஜென்ட் அனுப்பிய குரல் பதிவும் கிடைத்தது. "அண்ணே, கட்டிட்டேன், ரசீது நாளைக்கு வரும்" என்கிறார்.

---

வழக்கறிஞர் அக்கா (திருவாரூர்)

தம்பி, அந்த நினைவூட்டல்தான் உங்கள் கையில் இருப்பதிலேயே கனமான காகிதம். ஏஜென்ட் மூலம் கட்டச் சொன்னது கம்பெனியே. 237ஆம் பிரிவு கேட்பது இதைத்தான். அந்தப் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள்.

பெய்ட்-அப் தொகைக்கான டிஸ்சார்ஜ் படிவத்தில் சித்தி இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். "முழு மற்றும் இறுதித் தீர்வு" என்ற வரி அதில் இருந்தால் அதையே கம்பெனி பிறகு தூக்கிக் காட்டும். பணம் அவசரம் என்றால், உரிமையை விட்டுக்கொடுக்காமல் ஒரு பகுதியாகத்தான் பெறுகிறேன் என்று கடிதம் கொடுத்துவிட்டுப் பெறலாம்.

முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு, நாமினி என்ற முறையில் சித்தி பெயரில் புகார். ஐஆர்டிஏஐயின் புகார்த் தளமான பீமா பரோசாவில் பதியலாம், 155255க்குப் போன் செய்தும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுத்துவிட்டாலோ, காப்பீட்டுப் புகார்களைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை, 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம். கம்பெனி மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அந்தத் தீர்ப்பு கம்பெனியைக் கட்டும், பிடிக்காவிட்டால் நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டிலும் ஒரே நேரத்தில் போக முடியாது. ஓம்புட்ஸ்மேனிடம் சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாம் விரிவாக நடக்காது. உங்கள் விஷயத்தில் ஏஜென்ட்டைக் கூண்டில் ஏற்றிக் கேட்க வேண்டியிருக்கும் என்று தோன்றினால், திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் நல்லது. கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்பதால் அங்கும் கட்டணம் இல்லை.

ஏஜென்ட் மேல் போலீஸ் புகார் தனியாகக் கொடுங்கள். அவரோடு சமாதானம் பேசி, பிரீமியத் தொகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்குச் சேர வேண்டியது 5 லட்சம், ஒரு தவணைப் பணம் அல்ல.

---

குடந்தை முகவர் (கும்பகோணம்)

அந்தக் கம்பெனியின் கிளை மேலாளருக்கு, அதே ஏஜென்ட்டிடம் பாலிசி போட்ட மற்றவர்களையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கி எழுதுங்கள். ஒருவரிடம் செய்தவர் இன்னும் நாலு பேரிடம் செய்திருப்பார். அவர்களுக்கு இன்னும் காலம் இருக்கலாம், பாலிசியைப் புதுப்பித்துவிடலாம். இன்றைக்கே சொல்லுங்கள்.

---

கடற்கரைச் சாலை (காரைக்கால்)

எனக்கும் கிட்டத்தட்ட இதே பிரச்சினை, படகு இன்சூரன்ஸில். நாங்கள் புதுச்சேரி யூனியன் பிரதேசம். எங்களுக்கு எந்த ஓம்புட்ஸ்மேன்?

---

வழக்கறிஞர் அக்கா (திருவாரூர்)

உங்களுக்கும் சென்னைதான். தமிழ்நாட்டோடு புதுச்சேரி நகரமும் காரைக்காலும் சென்னை அலுவலகத்தின் கீழ்தான் வருகின்றன. படகு உங்கள் சொந்தப் பெயரில் இருக்கிறதா, நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா, பாலிசி ஏஜென்ட் மூலமா, புரோக்கர் மூலமா என்று தனி இழையில் எழுதுங்கள். 2021 திருத்தத்துக்குப் பிறகு புரோக்கர் மேலும் அங்கே புகார் கொடுக்கலாம்.